பயணிகளின் கவனத்திற்கு

ஜூன் 9 (மாவுக்கடைக் காலண்டர்படி)

அன்புள்ள தங்கைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதலில் படி, பிறகு கிழித்துக்கொள். "உன் புருஷனுக்குப் பைத்தியம், உனக்கு அதைவிடப் பெரிய பைத்தியம்" என்று நீ வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. ஆனால் இப்போது அதற்காக எழுதவில்லை.

ஓர் உதவி வேண்டும். எங்கள் டேப்ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. தொண்டை சரியில்லாத நாட்களுக்காக உன் அத்தான் முன்கூட்டியே பேசிப் பதிந்து வைத்துவிடுவார், நான் அதை நேரத்துக்குப் போடுவேன். பெல்ட் தளர்ந்ததிலிருந்து குரல் இழுக்கிறது. 'எழுந்திருங்கள்' என்ற சொல் ஒருவர் தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல வருகிறது. அதற்கேற்றபடி இங்கே எல்லோரும் மெதுவாக எழுகிறார்கள், மெதுவாகப் பல் துலக்குகிறார்கள். நேற்று ஒரு வாய் சோற்றை எடுத்து நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தட்டே ஆறிவிட்டது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது.

நீ இந்த இடத்தைப் பார்த்ததில்லை. முன்பு ஐஸ் ஆலையாக இருந்த கட்டடம். சுவர்களுக்குள் தக்கையும் உமியும் அடைத்திருக்கிறார்கள், ஜன்னலே கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் விடிவதற்குச் சற்று முந்தைய குளிர். வருகிறவர்கள் கடிகாரத்தைக் கழற்றி வாசலிலேயே கொடுத்துவிடுவார்கள். குரல் காலை என்றால் காலை, இரவு என்றால் இரவு. அவர் மேலே பழைய இயந்திர அறையில் மைக்கோடு இருக்கிறார். என்னையும் மகள் வாலுவையும் தவிர இங்கே யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவரைக் 'குரல்' என்கிறார்கள், தங்களைப் 'பயணிகள்' என்கிறார்கள். உலகம் முடியும்போது இங்கிருந்து ஒரு வண்டி புறப்படும், அதில் இவர்கள் போவார்கள். நீ சிரிப்பாய், சிரி. கல்யாணத்துக்கு முன்பு நான் ராத்திரி முழுக்க வீட்டை அளந்துகொண்டு திரிவேனே, அவளா இவள் என்று நீ கேட்கும் அளவுக்கு நான் இங்கே தூங்குகிறேன்.

வாலு நலம். அவள் வாலைச் சுருட்டிக்கொண்டுவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்காருகிறாள், எழச் சொன்னால் எழுகிறாள்.

மாவு வாங்க நான் மட்டும் வெளியே வருவேன். பெல்ட்டை மாவுக்கடைக்காரர் முகவரிக்கு அனுப்பு.

உன் அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதை காலையும் பிடி என்பார்கள். பிடித்துவிட்டாய். கழுதையும் இரங்கிவிட்டது. பெல்ட் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அறுந்தால் அடுத்த கடிதம் வர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ என்ற பயத்தில் இரண்டு.

அங்கே இருக்கிறவர்களுக்கு அவர் குரல். எனக்கு அவர் அத்தான்கூட இல்லை, முதலில் என் வேலை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அறையின் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவரை உட்காரவைத்து எண்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படிக்கவைத்தது நான். 'நடைமேடை', 'தாமதமாக', 'புறப்படும்', 'ரத்து'. அவர் படித்ததை வெட்டி, ஒட்டி, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வந்தாலும் ஒரே மூச்சில் பேசியதுபோல் தோன்றும்படி இயந்திரத்தில் ஏற்றினேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று நீ வந்து கதவுக்கு வெளியே நின்றாய். சாப்பாடு எனக்கு வந்து சேர்வதற்குள் ஆறிப்போகும். நீ அந்தக் குரலுக்குத்தான் கழுத்தை நீட்டினாய் அக்கா, ஆளும் கூடவே வந்துவிட்டார்.

இயந்திரம் பேசத் தொடங்கியதும் அறிவிப்பாளராக இருந்த அவரைத் தொலைந்த பொருள் அறைக்கு மாற்றினார்கள். நாளெல்லாம் குடைகளோடு உட்கார்ந்திருப்பார். பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். மதியம் நடைமேடை பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "எண்ணுக்கும் ஊர்ப் பேருக்கும் நடுவுல நான் சொல்லாத ஒண்ணு கேக்குது. நாள் குறிச்சுச் சொல்லுது" என்றார். அது மெத்தையைத் தாண்டி உள்ளே வந்த தண்ணீர் மோட்டார் சத்தம், நானே காட்டுகிறேன் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பிறகு வண்டியைத் தவறவிட்டவர்களிடம் தொலைந்த பொருள் அறையின் மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, முகம் காட்டாமல் பேசத் தொடங்கினார். வண்டியைத் தவறவிட்டவனிடம் எதைச் சொன்னாலும் காது கொடுப்பான். அந்த விதவை அம்மாள், பள்ளிக்கூட வாத்தியார், தையல்காரர் எல்லோரும் அப்படி விழுந்தவர்கள்தானே. இந்த ஊரே அந்தக் குரல் சொன்ன பக்கம் மூட்டை முடிச்சோடு ஓடிப் பழகியது. அதே குரல் உலகம் முடியப் போகிறது என்றால், எந்த நடைமேடை என்று கேட்பார்களே தவிர ஏன் என்று கேட்பார்களா?

நான் இன்னும் தினமும் அவரைக் கேட்கிறேன். அவரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பதுதான் எனக்குச் சம்பளம். வாலு பள்ளிக்கூடம் போகிறாளா? நீ வாலைச் சுருட்டிக்கொண்டாள் என்று எழுதியதை ஏனோ திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

பெல்ட் பொருந்திவிட்டது. குரல் பழையபடி ஆனதும் முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. மெதுவாகவே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

வாத்தியார் முந்தைய வண்டியில் போய்விட்டார். அப்படித்தான் அறிவிப்பு வந்தது. பயணிகள் சுமை கொண்டுவரக் கூடாது, உடம்பின் குறைகளைப் பழைய ஊரோடு விட்டுவிட வேண்டும் என்று குரல் சொன்னதால், எல்லோரும் தங்கள் மருந்துப் புட்டிகளையும் மாத்திரைகளையும் கொடுத்தார்கள். கூடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போனது நான்தான். வாத்தியார் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, "பாரம் குறைஞ்சுதும்மா" என்று சிரித்தார். அதன் பிறகு அவருக்குத் தாகம் அடங்கவே இல்லை. குடம் குடமாகக் குடித்தார். பிறகு தூங்கினார், எழுப்பினால் கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். அவர் மூச்சில் பழுத்த பழத்தின் வாசனை வந்தது. புது ஊரின் தோட்டம் என்றார் விதவை அம்மாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கீழே பனிக்கட்டி உறையவைக்கும் பழைய தொட்டியில் அவரைப் படுக்கவைத்து மேலே சிமெண்ட் பூசினார்கள். அன்று எங்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வந்தது. வெள்ளையான பெரிய வெளி, அதில் யாரோ எங்கள் கட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடுகிறார்கள். காலையில் சொல்லிப் பார்த்தால் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அல்லது முதலில் ஒருவர் சொன்னதும் மற்றவர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. தையல்காரர் தன் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்டார். மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உன் அத்தான் அவரை மேலே கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் அவரும் முந்தைய வண்டியில் போய்விட்டதாக அறிவிப்பு. தொட்டியில் ஈர சிமெண்ட் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவருடைய செருப்பு மட்டும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. குளிக்கப் போனாலும் செருப்போடு போகிற மனிதர்.

வாலு அந்தச் செருப்பைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாள், மிதிப்பதில்லை.

உன் அக்கா

ஜூலை 6

அக்கா,

அது எந்தத் தோட்டமும் இல்லை. வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி நின்றுபோனால் தாகம் எடுக்கும், மயக்கம் வரும், மூச்சில் அந்த வாசனை வரும், பிறகு உயிர் போகும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கூடையில் வாங்கிக்கொண்டு போனது அந்த மனிதரின் உயிரை. உன்னைக் குத்திக் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

தையல்காரர் எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்தச் சிமெண்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரிதான் பேசினார். "வயசு வந்தவங்க, அவங்களா போயிருக்காங்க. நீங்க எதையும் கண்ணால பாத்தீங்களா? கடுதாசில வாசனைன்னும் சிமெண்டுன்னும் எழுதியிருந்தா நான் என்னம்மா செய்யறது? உங்க அக்காவையே வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். நீ வரமாட்டாய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ வராவிட்டால் போகிறது. அடுத்தமுறை மாவு வாங்க வரும்போது வாலுவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடையில் விட்டுவிட்டுப் போ. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அவள் எனக்கு வேண்டும். உன் புருஷன், உன் வண்டி, உன் வெள்ளை வெளி எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள்.

தங்கை

ஜூலை 25

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்று படித்தேன். பிறகு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். உனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கில் தேள். நல்லதைக் கொட்டித்தான் சொல்வாய். அந்தக் கூடையைப் பற்றி இனி எழுதாதே. நானே தினமும் அதைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறேன், கனவில்.

வாலுவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "வா, கடைக்குப் போகலாம்" என்றேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அறிவிப்பு வரலையே" என்றாள். கொஞ்சினேன், இழுத்தேன். கட்டையாக நின்றாள். கத்தி ஊரைக் கூட்டினாலாவது பழைய வாலு என்று சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு சத்தமும் இல்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் பெற்ற பிள்ளைக்கு என் பேச்சு காதில் ஏறவில்லை, குரல்தான் ஏறுகிறது. அதற்கும் நான்தான் காரணம், தொட்டிலில் போட்டு அவளை அந்தக் குரலிலேயே தூங்கவைத்தேன்.

இன்னொரு செய்தி. நாள் குறித்தாகிவிட்டது. நான் அடுத்து வாங்கிப்போகிற மாவு மூட்டைதான் கடைசியாம். அது தீர்ந்த அன்று பகலில் எல்லோரும் பனிக்கட்டி அடுக்கிவைக்கும் பெரிய அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். கதவு ஒரு முழம் கனம், நான்கு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். வெளியே உலகம் எரியும்போது புகை உள்ளே வராமல் இருக்க உன் அத்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இறங்கிவந்து காற்றுத் துளைகளில் தக்கை அடைத்து மேலே தார் பூசிக்கொண்டிருக்கிறார். நேற்று அந்த அறையில் நின்று பார்த்தேன். என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி.

மூச்சு விடுவதற்கு என்ன செய்வார்கள் என்று அவரிடம் கேட்டேன். "தூங்கறவங்களுக்கு அதிகம் வேண்டாம்" என்றார். நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்றும் கேட்டேன். "கதவை வெளியிலேர்ந்து சாத்த ஒருத்தர் வேணுமில்ல" என்றார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார்.

நான் ஏதும் புரியாமல் கேட்கிறேனா, புரிந்தே கேட்கிறேனா? நீ சொல்.

அக்கா

ஜூலை 29

அக்கா,

இதைக் கடையிலேயே நின்று படி.

புரிந்துதான் கேட்டிருக்கிறாய். அந்த அறையில் இருக்கிற காற்று இருக்கிற வரைக்கும்தான். அது தீர்ந்தால் எழுந்து கதவைத் தட்டக்கூட யாருக்கும் பலம் இருக்காது. நீயும் அதற்குள்தான் படுப்பாய், உன் பக்கத்தில் வாலு படுப்பாள்.

கடைக்காரர் கொடுக்கும் மாவு மூட்டைக்குள் எண்ணெய்த்தாளில் சுற்றிய டேப் ஒன்று இருக்கிறது. வாலு அறிவிப்பு வரவில்லையே என்றாள் அல்லவா, அறிவிப்பை நான் அனுப்புகிறேன். அத்தான் என் எதிரில் உட்கார்ந்து படித்த சொற்களையே வெட்டி ஒட்டியிருக்கிறேன். எளிதாக இருக்கவில்லை. ஸ்டேஷனில் 'உயிர்' என்ற சொல்லே கிடையாது. 'ஓடுங்கள்' கிடையாது, 'குழந்தை' கிடையாது. இருந்ததை வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன். உதடு அசைவதைப் பார்க்காதவரைக்கும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதில் எனக்குத் திமிர் உண்டு.

அவர் மதியம் தூங்குவார் என்று சொல்லியிருந்தாய் ஒருமுறை, கல்யாணமான புதிதில். இன்னும் தூங்குகிறார்தானே? தூங்கியதும் டேப்பைப் போடு. சத்தத்தை முழுக்கத் திருகு. வெளியே வந்து அவர் அறையைப் பூட்டு. மூட்டை வந்த மறுநாளே செய்துவிடு, மாவு தீரும்வரை காத்திருக்காதே.

நான் அன்று காலையிலிருந்தே இன்ஸ்பெக்டரின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். கண்ணால் பார்த்தால்தானே வருவார், பார்க்க ஒரு கூட்டம் வெளியே வரும் என்று சொல்லி இழுத்துவருகிறேன். அதுவரை கடைக்காரர் உங்கள் வாசலில் வண்டியோடு நிற்பார்.

நீ அந்தக் குரலை எவ்வளவு நேசித்தாய் என்று எனக்குத் தெரியும். அதை வைத்தே இதைச் செய்யச் சொல்கிறேன், வேறு வழி தெரியவில்லை. அக்கா, பயமாக இருக்கிறது.

உன் தங்கை

ஆகஸ்ட் 20
பெண்கள் சிறை

அன்புள்ள தங்கைக்கு,

நீ போலீசோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் நம்பவும் மாட்டாய்.

டேப்பைப் போட்டேன். "பயணிகளின் கவனத்திற்கு. இன்று புறப்படும் வண்டி ரத்து செய்யப்பட்டுள்ளது. பயணிகள் அனைவரும் வெளியேறும் வழியாகச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்." உலகம் முடிவது ரத்து. அதைக் கேட்டு எனக்கே ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது என்றால் என்னை என்ன சொல்வாய்?

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்தார்கள், போர்வையை மடித்து வைத்தார்கள், வரிசையாக நடந்தார்கள். வெளியே வெயில். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்தபடி முற்றத்து மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அப்படியே வரிசையாக உட்கார்ந்து அடுத்த அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். மரத்திலிருந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. விதவை அம்மாளின் தலைமுடியில் விழுந்தது, வாலுவின் மடியில் விழுந்தது. யாரும் தட்டிவிடவில்லை. உண்மையிலேயே வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

பூட்டச் சொன்னாய். என்னால் பூட்ட முடியவில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டேன்.

அவர் பனியனோடு ஓடிவந்தார். தொண்டை கட்டியிருந்தது. "நான் சொல்லல! உள்ள போங்க, எல்லாரும் உள்ள போங்க, நான்தான் சொல்றேன்!" என்று கத்தினார். யாரும் அசையவில்லை. அவர்கள் அவரைப் பார்த்ததே இல்லையே. ஒலிபெருக்கி இல்லாமல் அந்தக் கரகரப்பு யாருடையதென்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவரின் தோளாகப் பிடித்து உலுக்கினார். விதவை அம்மாள்தான் அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, "யாருப்பா நீ? சத்தம் போடாத. அறிவிப்பு காதுல விழாது" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நீ சொல் என்பதுபோல் பார்த்தார். 'இவர்தான்' என்று ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து உள்ளே போயிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவர் மெல்ல வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார். நீங்கள் வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், மற்றவர்களோடு மற்றவராக.

அவரைப் போலீஸ் கொண்டுபோனதை நீயே பார்த்திருப்பாய். தொட்டியை உடைத்து வாத்தியாரையும் தையல்காரரையும் எடுத்தார்கள். கூடையைப் பற்றி யாரும் கேட்பதற்கு முன்பு நானே சொன்னேன். அதனால் இங்கே இருக்கிறேன், இருக்க வேண்டியதுதான். வாலுவிடம் என்னைப் பற்றி எதுவும் சொல்லி அவளைக் கலைத்துவிடாதே. வந்த புதிதில் தாங்க மாட்டாள். இங்கே ஜன்னல் இருக்கிறது, மணி அடிக்கிறது. தூக்கம் வரவில்லை.

வாலு எப்படி இருக்கிறாள்? எழுது.

அக்கா

ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

வாலு பேசவில்லை. இங்கே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. கட்டில் விளிம்பில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சர்க்கரை கலந்த தண்ணீரை மட்டும் பல்லைக் கடித்தபடி உறிஞ்சுகிறாள். சோறு, ரொட்டி, சூப், எதற்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் குறை ஒன்றும் இல்லை, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாயில்தான் ஊட்ட வேண்டும் என்கிறார். நான் அவள் எதிரில் உட்கார்ந்து கோமாளித்தனம் எல்லாம் செய்துவிட்டேன். நேற்று அழுதும் பார்த்தேன்.

இன்று வேறு வழியில்லாமல் வேலைக்கே அழைத்துப் போனேன். நடைமேடையில் அத்தானின் குரல் வந்தது. வாலு தலையை நிமிர்த்தினாள். இத்தனை நாளில் அவள் நிமிர்ந்தது அப்போதுதான்.

ஆகவே ஒரு டேப் தயார் செய்யப் போகிறேன். 'உணவு' இருக்கிறது, 'தயாராக உள்ளது' இருக்கிறது. அவள் அந்தக் குரலுக்குத்தான் சாப்பிடுவாள் என்றால் அதிலேயே சொல்லிவிட்டுப் போகிறேன். உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 27

தங்கையே,

வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன், போடாதே. அந்தக் குரல் சொல்லி அவள் ஒரு வாய் தின்றால் அடுத்த வாய்க்கும் அது வேண்டும். பிறகு தூங்க, எழ, சிரிக்க எல்லாவற்றுக்கும் வேண்டும். நான் அப்படித்தான் ஆனேன். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போ என்றால் போவாள்.

அவளுக்குப் பசிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திரு. எனக்குக் கொடுத்துவைக்காததை நீ செய்.

அக்கா

செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டேன். திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

மேசையில் ரொட்டியும் சூப்பும் வைத்தேன். வீட்டில் இருக்கிற பழைய டேப்ரெக்கார்டரில் போட்டேன். "கவனிக்கவும். உணவு தயாராக உள்ளது. பயணிகள் உணவு உண்ணும்படி கேட்டுக்கொள்கிறோம். தாமதத்திற்கு வருந்துகிறோம்." எனக்கே கேட்க அருவருப்பாக இருந்தது. வாலு தலையை நிமிர்த்தினாள். பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்புறம், குரலைத் துருப்பிடிக்க விட்டவளைப் போல, மெல்லச் சொன்னாள்.

"சித்தி, இது அப்பா இல்ல."

நான் அசந்துபோனேன். எப்படித் தெரியும் என்றேன்.

"அப்பா எதுக்கும் வருந்துகிறோம்னு சொல்ல மாட்டார். அன்னைக்கும் சொல்லுச்சு. அதுவும் அப்பா இல்ல."

அன்றைக்கே தெரியுமா என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு ஏன் வெளியே வந்தாய் என்றேன். "எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல. அறிவிப்பு இல்லாமப் போனா தையல்காரர் மாதிரி ஆயிடும். அது பொய் அறிவிப்புதான், ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சில்ல, அதனால வந்துட்டேன்."

அக்கா, நீ நிலையிலிருந்து பிய்த்து இழுத்தாயே, அன்றைக்கு அவள் உன் பேச்சைக் கேட்காமல் நிற்கவில்லை. உன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஏன் கண்ணு பேசாமல் இருந்தாய், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். வாயைத் திறந்தால் அது வெளியே வந்துவிடும் என்று பயமாம். அது பொய் அறிவிப்பு என்று தெரிந்தால், "அம்மா திரும்ப உள்ள போயிடுவா. அம்மா அது அப்பான்னு நெனச்சுத்தான் வந்தா. அப்பா வந்து கத்தினப்பவும் அம்மா நம்பல" என்றாள். நீ எங்கே இருக்கிறாய் என்று நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை. நீ இன்னும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உன்னை அங்கேயே வைத்திருக்க, இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள்.

நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எலும்புதான் இருக்கிறது. "அந்த டேப்பை நான்தான் செஞ்சேன். அதைப் போட்டது யாரு தெரியுமா? உங்க அம்மா. அப்பா இல்லன்னு தெரிஞ்சே போட்டா" என்றேன்.

வெளியே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது.

"அம்மாவேவா?"

"அம்மாவேதான்."

என் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக, நன்றாக அழுதாள். அழுது முடித்துவிட்டு, சூப் ஆறிப்போச்சு, சுட வச்சுக் குடு, பசிக்குது என்றாள்.

உன் தங்கை